சமாதானம் செய்பவன் எங்கே நிற்க வேண்டும்?

சென்ற வைசாக பௌர்ணமியன்று தாராவியில் நம்மவர் கூடிப் பஞ்சசீலம் ஏற்று, பாயசம் அருந்திக் கலைந்துகொண்டிருந்த வேளையில், இளைஞர் ஒருவர் என்னை வாயிலில் நிறுத்தி ஒரு செய்தி கூறினார். செம்பூரில் அவர் வேலை பார்க்கும் இடத்தில், உடன் அமர்ந்து உண்ணும் தமிழர் ஒருவர் அவரை நோக்கி, "நீர் தமிழர், பௌத்தர் என்றும் சொல்லிக்கொள்கிறீர். இலங்கையில் தமிழனுக்கு ஒன்றும் கொடுக்கலாகாது என்று வீதியில் உட்கார்ந்தவர்கள் உம்முடைய பிக்ஷுக்கள் அல்லவா? அந்தக் காவியையா வணங்குகிறீர்?" என்று கேட்டாராம். "நீங்கள் என்ன விடை கூறினீர்கள், தம்பி?" என்றேன். "ஒன்றும் கூறவில்லை, ஐயா. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்" என்றார்.

இவ்வினா அத்தம்பிக்கு மட்டும் உரியதன்று. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்ப் பௌத்தர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு நாள் இதனை எதிர்கொண்டிருப்போம். "அது சிங்களவருடைய பௌத்தம், நம்முடையது வேறு" என்று கூறிச் சிலர் தப்பித்துக்கொள்கிறார்கள். அவ்விடை எனக்கு உவப்பானதன்று. 1898-ஆம் ஆண்டில் பண்டிதர் அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்ததும் அவ்வாண்டிலேயே. தமிழ்ப் பௌத்தம் மீண்டும் பிறந்தபோது அதற்குச் சீலம் அளித்த கரை அது. பட்ட கடனை ஒப்புக்கொண்ட பின்னரே கணக்கைப் பேசுதல் முறையாகும்.

ஆதலின் வினாவைச் சற்று விரித்துக் காண்போம். இரு இனங்களோ இரு நாடுகளோ ஆயுதம் தாங்கி எதிர்நிற்கையில், சமாதானம் செய்விக்க முற்படுபவன் நிற்க வேண்டிய இடம் யாது? நடுவில் என்கிறது உலக வழக்கு. நடுவர், நடுநிலை, மத்தியஸ்தம் ஆகிய சொற்களே அவ்வாறுதான் அமைந்துள்ளன. மத்திம மார்க்கத்தைப் பின்பற்றுவோராகிய நாமும் அதனை எளிதில் ஒப்புக்கொண்டு விடுகிறோம். ஆனால் பகவன் அருளிய மத்திம மார்க்கம், சண்டையிடும் இருவருக்கு இடையே கிடக்கும் வெற்றிடத்தின் பெயரா? அன்று என்பதே என் கருத்து.

சண்டை எவ்வாறு வளரும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. விடியுமுன் குடங்களை வரிசையில் வைத்துக் குழாயடியில் காத்து நின்ற தலைமுறை தாராவியில் இன்னும் நம்மிடையே இருக்கிறது. எந்தக் குடம் முந்தியது என்பதில் தொடங்கும் பேச்சு, சற்று நேரத்தில் பெற்றவளையும் சாதியையும் ஊரையும் இழுக்கும். பிறகு ஆடவர் தடியுடன் வருவர். வந்த ஆடவருக்கு எந்தக் குடம் என்பது தெரியாது.

சாக்கியரும் கோலியரும் ரோகிணி நதிக்கரையில் மோதத் துணிந்த கதையும் இதுவே. தம்மபத உரையிலும் குணால ஜாதகத்திலும் அது விரிவாகக் காணப்படுகிறது. கோடையில் நீர் வற்றியது. ஒரு மடை நீரே இருந்தது. அது ஒரு கரையின் பயிருக்கே போதும். இரு கரைகளின் வேலையாட்களும் வாய்ச்சண்டையிட்டனர், அது கைச்சண்டையாயிற்று, பின்னர் ஒருவர் குலத்தின் பிறப்பை மற்றவர் பழித்தனர். பழிச்சொல் அமைச்சர்களுக்கு எட்டி, அரசகுலத்தவருக்கும் எட்டி, படைகள் ஆற்றங்கரைக்கு வந்தன. பகவன் இடையே தோன்றி, எதற்காக இச்சண்டை என்று வினவுகிறார். வந்த பெருமக்கள் எவருக்கும் தெரியவில்லை. சேனாபதியைக் கேட்கிறார்கள், அவனுக்கும் தெரியவில்லை. ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டுக்கொண்டே சென்று, கடைசியில் வயலில் வேலை செய்யும் அடிமைகளைக் கேட்ட பிறகே "தண்ணீருக்காக" என்னும் விடை கிடைக்கிறது. தண்ணீரின் விலை என்ன, க்ஷத்திரியர் குருதியின் விலை என்ன என்று அதன்பின் பகவன் கேட்ட கேள்வியை அனைவரும் அறிவர். அதற்கு முன் நிகழ்ந்த விசாரணையைத்தான் நாம் கவனியாது விடுகிறோம். சண்டையின் காரணம் அறிந்தவன் கடைசிப் படியில் நிற்கிறான். சண்டையை முடிவு செய்பவன் முதற் படியில் நிற்கிறான். சமாதானம் பேச வந்தவர் கடைசிப் படி வரை இறங்கிக் கேட்டார். (அங்கே விலை கேட்கப்பட்டது க்ஷத்திரியர் குருதிக்கு; வேலையாட்களின் குருதிக்கு அன்று. உரையாசிரியர் காலத்து வழக்கம் அது. நம்மவர் கண்ணுக்கு இது படாமற் போகாது.)

நிற்க. இதே ரோகிணியைப் பாபாசாகேப் அம்பேத்கர் வேறு விதமாகக் கூறினார். அவர் மறைந்த பின் 1957-இல் வெளிவந்து, பெரியார்தாசன் அவர்களால் தமிழாக்கம் பெற்ற "புத்தரும் அவர் தம்மமும்" என்னும் நூலில் பகவன் வானில் தோன்றுவதில்லை. அவர் இன்னும் புத்தரும் ஆகவில்லை. இருபத்தெட்டு வயது நிரம்பிய சித்தார்த்தர். சாக்கிய சங்கத்தின் உறுப்பினர். கோலியர்மீது போர் தொடுக்க வேண்டுமென்று சேனாபதி சங்கத்தில் தீர்மானம் கொண்டுவருகிறான். சித்தார்த்தர் எழுந்து எதிர்க்கிறார். நம் ஆட்களும் முதலில் கைநீட்டியிருப்பதாகத் தெரிகிறது. ஆகவே முறையாக விசாரிக்க வேண்டும் என்கிறார். நம்மில் இருவர், அவர்களில் இருவர், அந்நால்வரும் சேர்ந்து தெரிந்தெடுக்கும் ஐந்தாமவர் ஒருவர். இவ்வைவரும் வழக்கைத் தீர்க்கட்டும் என்று வழியும் கூறுகிறார். வாக்கெடுப்பில் அவருடைய யோசனை பெரும்பான்மையால் தோற்கிறது. மறுநாள் சாக்கியர் அனைவரும் படையில் சேர வேண்டுமென்னும் தீர்மானம் வருகிறது. தாம் சேரப் போவதில்லை என்கிறார் சித்தார்த்தர். குடும்பத்தை ஊர்விலக்குச் செய்வோம், நிலத்தைப் பறிப்போம் என்று சங்கம் அச்சுறுத்துகிறது. ஊர்விலக்கு என்றால் என்னவென்று நம்மவருக்கு விளக்க வேண்டுவதில்லை. குற்றம் தம்முடையது, தண்டனையும் தமக்கே ஆகுக என்று கூறி, அவர் துறவு பூண்டு நாட்டை விட்டு வெளியேறுகிறார்.

இங்கே சித்தார்த்தர் நின்ற இடத்தை நோக்குங்கள். அவர் இரு படைகளுக்கும் நடுவில் நிற்கவில்லை. தம் கரையில், தம்மவர் சபையில் நின்று, தம்மவருக்கு எதிராகப் பேசினார். ஆற்று நீரில் சாக்கியருக்கு உரிமையில்லை என்று அவர் சொல்லவில்லை. உரிமையை வழக்காக்குவோம், போராக்க வேண்டாம் என்றார். அந்நூலில் பின்னர் வரும் செய்தி இன்னும் முக்கியமானது. அவர் சென்ற பிறகு சாக்கிய நாட்டில் ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் கொடி பிடித்து, கோலியர் நம் சகோதரர் என்று முழங்கி வீதியில் இறங்கினர். சங்கம் மீண்டும் கூடியது. இரு தரப்பிலும் தூதர் ஐவர் அமர்த்தப்பெற்றனர். நதிநீரைப் பற்றிய வழக்கு ஒவ்வொன்றையும் தீர்க்க நிரந்தரமான நடுவர் சபை ஒன்று அமைந்தது. நடுவர் சபை முதலில் வரவில்லை. தம்மவரிடம் "மாட்டேன்" என்று சொன்ன ஒருவரும், பின்னர் அதனையே சொன்ன திரளான மக்களும் முன்னே வந்தனர். சபை அவர்கள் பின்னே வந்தது.

பாபாசாகேப் ஏன் இவ்வாறு எழுதினார்? நான் ஊகிப்பதைச் சொல்கிறேன். மத்தியஸ்தம் என்பதன் மறுபுறத்தை அவர் தம் உடம்பில் அறிந்தவர். 1932-ஆம் ஆண்டு செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தியார் உண்ணாவிரதம் இருக்க, சாப்ருவும் ஜயகரும் நடுவர்களாய் ஓடி நடக்க, செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நம் பக்கத்து எம். சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அதில் ஒப்பமிட்டார்கள். மாகாண சபைகளில் 148 தனித் தொகுதிகள் கிடைத்தன. தனி வாக்காளர் தொகுதி என்னும் உரிமை போயிற்று. நடுவர்கள் பண்புடையோரே. ஆனால் ஒரு மகாத்மாவின் உயிர் தராசின் ஒரு தட்டில் வைக்கப்பட்டிருக்கையில், மற்றத் தட்டில் உள்ளவன் சமமாய் உட்கார்ந்து பேசினான் என்று யார் கூறக்கூடும்? அந்த மேசையிலிருந்து எழுந்து வந்தவர்தாம், தரப்புக்கு இருவர், அந்நால்வரும் சேர்ந்து தெரியும் ஐந்தாமவர் என்று சித்தார்த்தரின் வாயில் எண்ணிக்கை பிசகாமல் வைத்தார் என்று எண்ணுகிறேன்.

சமாதானம் என்னும் பெயரால் சுவரும் எழுப்பலாம். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989-ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. ஊரைச் சேரியினின்று பிரிக்கும் சுவரும் அதையொட்டி எழுந்தது. 2008-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள்தான் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகள் அங்கே "அமைதி" நிலவிற்று என்று அதிகாரிகளின் கோப்பு கூறியிருக்கக்கூடும். வலியவனையும் மெலியவனையும் சமமாகக் கருதுவேன் என்று நடுவில் நிற்பவன், அவர்களுடைய சமமின்மையையும் தன் கையொப்பத்தால் உறுதி செய்து கொடுத்துவிடுகிறான்.

இவ்வளவும் மனத்திற்கொண்டு இலங்கைக்குச் செல்வோம்.

1956-ஆம் ஆண்டு புத்த ஜயந்தி ஆண்டு. பகவன் பரிநிர்வாணம் எய்தி 2500 ஆண்டுகள் நிறைந்ததென்று பௌத்த உலகம் கொண்டாடிய ஆண்டு. அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் தம் மக்கள் பல இலட்சம் பேருடன் தம்மம் தழுவினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கை நாடாளுமன்றத்தில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறியது; அதற்காகத் தேர்தலில் உழைத்தவர்களுள் பிக்ஷுக்கள் முன்னணியில் நின்றனர். ஒரே ஜயந்தி ஆண்டில் தம்மம் ஓரிடத்தில் தாழ்த்தப்பட்டவனை எழுப்பிற்று. மற்றோரிடத்தில் அதன் பெயர் ஒரு மொழியைத் தாழ்த்தப் பயன்பட்டது. செம்பூர்த் தமிழரின் கேள்விக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அதனை மறைத்துப் பயனில்லை.

மறு ஆண்டு நடந்தது பலருக்கு மறந்துவிட்டது. 1957-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். வடக்கு, கிழக்கில் பிரதேச சபைகள். அங்கே தமிழில் நிர்வாகம். தமிழுக்குத் தேசியச் சிறுபான்மையினரின் மொழி என்னும் ஏற்பு. அயல்நாட்டு நடுவர் எவரும் இல்லை. இருவர் நேரே அமர்ந்து பேசி முடித்தார்கள். இவ்வுடன்படிக்கை 1958 ஏப்ரலில் கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் பிரதமர் வீட்டு வாயிலில் மாண்டது. திரளான பிக்ஷுக்கள் அங்கே அமர்ந்து, ஒப்பந்தத்தைக் கைவிட வேண்டும், அதனை எழுத்தில் தர வேண்டும் என்றார்கள், பிரதமர் தந்தார். அடுத்த மாதமே நாடெங்கும் கலவரம். 1959 செப்டம்பரில் அப்பிரதமரைச் சுட்டவரும் காவியுடுத்த ஒருவரே. கோலியருடன் பேசி வந்த சித்தார்த்தரைச் சாக்கிய சங்கம் தோற்கடித்தது என்பதன்றி இதனை வேறெவ்வாறு சொல்வது? பண்டாரநாயக்கா சித்தார்த்தர் அல்லர்; தீயைத் தம் தேர்தலுக்கு மூட்டியவரும் அவரே. ஆயினும் அந்த ஒரு நாளில் அவர் ஒப்பமிட்டது சரியான காகிதம்.

முப்பது ஆண்டுகள் கழித்து நடுவர் வந்தார். நம் நாடே வந்தது. 1985-இல் பூட்டானின் திம்புவில் இந்தியா நடத்திய பேச்சுகள் முறிந்தன. 1987 ஜூலை 29-ஆம் நாள் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். சண்டை சிங்கள அரசுக்கும் தமிழருக்கும். கையெழுத்து சிங்கள அரசுடையதும் இந்தியாவுடையதும். வழக்காளியின் இடத்தில் நடுவரே அமர்ந்துவிட்டார். அக்டோபரில் அந்நடுவரின் படையே புலிகளுடன் போரில் இறங்கிற்று. 1990 மார்ச்சில் அது திரும்பி வருமுன் இந்தியப் போர்வீரர் 1,000 பேருக்கு மேல் மாண்டனர். யாழ்ப்பாணத்து மக்கள் எத்தனை பேர் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததேயில்லை. 1991 மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்தது யாவரும் அறிந்தது.

பின்னர் நார்வே. அந்நாட்டுக்கு இலங்கையில் படையுமில்லை, பகையுமில்லை, வெகு தூரத்திலுள்ளது. நடுவர் என்று கூடத் தம்மைக் கூறிக்கொள்ளாமல் "அனுசரணையாளர்" என்று அடக்கமாக வந்தார்கள். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. ரணில் விக்கிரமசிங்காவும் பிரபாகரனும் நேரில் சந்திக்கவில்லை. தனித்தனியே ஒப்பமிட்ட தாளை நார்வே பெற்றுக்கொண்டது. எரிக் சொல்ஹெய்ம் பலமுறை வந்து போனார். தாய்லாந்திலும் ஒஸ்லோவிலும் பெர்லினிலும் ஜப்பானிலுமாக ஆறு சுற்றுப் பேச்சு நடந்தது. ஒஸ்லோவில் கூட்டாட்சி முறையை ஆராய்வோம் என்று இரு தரப்பும் கூறிய போது நம்மிற் பலர் மகிழ்ந்தோம். 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினர். 2004-இல் ஒன்பது பிக்ஷுக்கள் நாடாளுமன்றம் புகுந்தனர். நார்வேயை வெளியேற்றுவது அவர்களுடைய முதற் கோரிக்கைகளுள் ஒன்று. 2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்தத்தைக் கைவிட்டது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. இறுதிக் கட்டத்தில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் அமர்த்திய நிபுணர் குழு 2011-இல் கூறிற்று.

நார்வேயைக் குறை கூறுவது எளிது. தம் முயற்சி ஏன் தோற்றது என்று தாங்களே பொருள் செலவிட்டு ஆய்வு செய்வித்து, 2011-இல் அதனை உலகறிய வெளியிட்டார்கள். அந்நேர்மை சண்டையிட்ட இரு தரப்பிலும் காணப்படவில்லை. என் குறை வேறு. அம்மேசையில் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கே நாற்காலி இருந்தது. 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கினின்று ஒரேயடியாய்த் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் 70,000-க்குக் குறையார். அவர்களுக்குத் தனி நாற்காலி இல்லை. அவர்களுடைய தலைவர் அரசுத் தரப்பினரோடு ஒருவராகவே அமர நேர்ந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு இல்லை. பிள்ளையைப் படைக்குப் பறிகொடுத்த வன்னித் தாய்க்கும், சம்பளத்துக்காகச் சிப்பாயாகிச் செத்தவனின் சிங்களத் தாய்க்கும் இல்லை. ரோகிணியில் பகவன் வயற்காட்டு அடிமை வரை இறங்கிக் கேட்டார். இங்கே சேனாபதிகளோடு விசாரணை நின்றுவிட்டது.

அப்படியானால் சித்தார்த்தர்கள் எவரும் இல்லையா? இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உடற்கூற்றியல் ஆசிரியை ராஜினி திராணகம, சிங்களப் படையின் கொடுமையையும் இந்தியப் படையின் கொடுமையையும் தம்மவராகிய புலிகளின் கொடுமையையும் ஒரே கையால் எழுதினார். "முறிந்த பனை" அவ்வெழுத்தின் பெயர். 1989 செப்டம்பர் 21-ஆம் நாள் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பழி புலிகள்மீதே விழுந்தது. அதிகாரப் பகிர்வுக்கான அரசியல் சட்டத் திட்டத்தில் உழைத்த நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29-ஆம் நாள் கொழும்பில் தற்கொலைக் குண்டுக்கு இரையானார். சிங்களக் கரையிலும் சிலர் நின்றனர். 2001-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்தேகம சமித தேரர், காவியுடையுடனே சமாதானத்தையும் தமிழருக்கு அதிகாரப் பகிர்வையும் ஆதரித்தார். அடுத்த முறை நாடாளுமன்றம் புகுந்தவர்கள் அவ்வொன்பதின்மர். செம்பூர்த் தமிழர் கண்ட காவி எது என்று எனக்குத் தெரியும். இன்னொரு காவியும் உண்டு என்பதைத் தம்பி சொல்லியிருக்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். அடிபட்டவனைப் பார்த்து, "நீயும் உன்னவரை எதிர்த்து நில்" என்பது நியாயமா? சேரியில் வீடு எரிந்தவனிடம் அமைதிக்குழு வந்து பொறுமை போதிப்பதற்கு இது எவ்வகையில் வேறு? இம்மறுப்பை நான் தள்ளிவிடவில்லை. தம்மவரை எதிர்த்து நிற்கும் கடமை இரு கரைக்கும் உண்டு, கனம் சமமன்று. ஆட்சியும் படையும் எண்ணிக்கையும் உடையவன் கரையில் அக்கடமை முதலில் வரும், பெரிதாகவும் வரும். சிங்கள பிக்ஷு அதனைச் செய்யத் தவறியது, தமிழாசிரியை அதனைச் செய்யத் தவறியிருந்தால் ஏற்பட்டிருக்கும் குற்றத்தைப் போல் பன்மடங்கு. அவளோ தவறவில்லை. தவறாதவள் செத்தாள், தவறியவர்கள் நாற்காலி பெற்றார்கள். இதனை எழுதும்போது எனக்கு அமைதி வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் கூறுகிறேன்.

இனி, தொலைவிலிருந்து வரும் நடுவரால் பயனே இல்லையா எனின், உண்டு. நம் சமயத்தவரான பர்மிய நாட்டு ஊ தாண்ட், ஐ.நா. செயலாளர் நாயகமாய் இருக்கையில், 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணைகளைக் குறித்து அமெரிக்காவும் ரஷ்யாவும் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்றன. கெனடிக்கும் குருஷ்சேவுக்கும் அவர் அக்டோபர் 24-ஆம் நாள் வேண்டுகோள் விடுத்து, இருவரும் சற்றுப் பொறுக்குமாறு கேட்டார். பின்னர்த் தாமே ஹவானா சென்றார். பின்வாங்க வழி தேடிக்கொண்டிருந்த இருவருக்கும் மானம் கெடாமல் பின்வாங்க அவர் ஒரு கதவாய் அமைந்தார். அதே ஊ தாண்ட் 1964-65-இல் வியட்நாம் போரை நிறுத்த, இரு தரப்பையும் ரங்கூனில் சந்திக்க வைக்க முயன்றார், வாஷிங்டன் இணங்கவில்லை. மனிதர் அவரே, பொறுமையும் அதுவே. முதலில் கதவைத் தேடியவர்கள் இருந்தார்கள், பின்னர் இல்லை. கதவு மனிதரை வெளியே அழைத்து வருவதில்லை. வெளியே வர விரும்புவோர்க்கு உதவும்.

விரும்ப வைப்பது யார்? கம்போஜத்தில் 1991-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகும் துப்பாக்கிகள் ஓயாதிருந்தபோது, மஹா கோசானந்த தேரர் 1992-இல் தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்த அகதிகளுடன் புனோம்பென் வரை நடந்தே சென்றார். அத்தம்ம யாத்திரை ஆண்டுதோறும் தொடர்ந்தது. வழிநெடுக மக்கள் நீர்க்குடத்துடன் காத்திருந்தனர். அவரும் நடுவர் அல்லர். கெமர் இரத்தத்தால் குடும்பத்தை இழந்த ஒரு கெமர்.

எனினும் அத்தம்பிக்கு நான் வாயிலில் நின்று கூறிய விடை கோசாம்பியைப் பற்றியது. கோசாம்பியில் பிக்ஷுக்கள் இரு கட்சியாய்ப் பிரிந்தனர். பாத்திரத்தில் எஞ்சவிட்ட சிறிது நீரைப் பற்றிய விவகாரம் அது, இங்கும் தண்ணீர்தான். பகவனே நேரில் சென்று சமாதானம் கூறினார். "பகவன் நிம்மதியாய் இருக்கட்டும், இச்சண்டையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். மூன்று முறையும் அவர் சொல் ஏறவில்லை. எல்லா நடுவர்களிலும் மேலான நடுவர் தோற்று, பாரிலேய வனத்துக்குத் தனியே சென்றுவிட்டார். பின்பு அச்சண்டையைத் தீர்த்தவர்கள் கோசாம்பியின் உபாசகர், உபாசிகைகள். பகவனை விரட்டிய இவர்களைக் கண்டால் எழ மாட்டோம், வணங்க மாட்டோம், பிக்ஷை இட மாட்டோம் என்று ஊரார் முடிவு செய்தனர். வெறும் பாத்திரத்துடன் சில நாள் திரிந்த பிக்ஷுக்கள், சிராவஸ்திக்குச் சென்று பகவன் முன் பணிந்து ஒன்றுபட்டனர். விநய பிடகத்திலேயே எழுதப்பட்டிருக்கும் செய்தி இது. சங்கத்தை வணங்குவது நம் சரணம். போரை ஓதும் பாத்திரத்தில் சோறிடாதிருப்பதும் அச்சரணத்துக்கு உட்பட்டதே.

தம்பி சற்று யோசித்துவிட்டு, "அங்குள்ள உபாசகர் செய்யவில்லையே, ஐயா, நாம் இங்கிருந்து என்ன செய்வது?" என்றார். இலங்கையிலிருந்து பிக்ஷுக்கள் மும்பைக்கு வருகிறார்கள். நம் விகாரைகளுக்கும் வருவதுண்டு. நாம் வணங்கி, அமுது படைத்து, போதனை கேட்டு அனுப்பி விடுகிறோம். 1958-இல் ரோஸ்மீட் பிளேஸில் நிகழ்ந்ததைப் பற்றி ஒருமுறையேனும் எவரிடமேனும் கேட்டிருக்கிறோமா என்றேன். மரியாதைக் குறைவாகாதா என்றார். படைத்த பிறகு கேட்கலாம், படைக்குமுன் கேட்பது இன்னும் நன்று என்றேன், சிரித்துவிட்டார். அதே போல, தாராவியில் ஈழத்துக்காகக் கூட்டம் நடந்தால் சென்று முன்வரிசையில் அமர்ந்து, 1990-இல் துரத்தப்பட்ட முஸ்லிம்களைப் பற்றி நம்மவரையும் கேட்க வேண்டியிருக்கும் என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

வரும் ஆஷாட பௌர்ணமியன்று நம் கூட்டத்தில், பாபாசாகேபின் நூலில் சாக்கிய சங்கம் கூடிய அந்தப் பகுதியை அத்தம்பியே வாசிக்க இசைந்திருக்கிறார். செம்பூர்த் தமிழரையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.